செலியாக் நோய் இருக்கும்போது வேறு எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எப்படிக் கண்டறிவது?

கேள்வி: எனக்கு வயது 36. நங்கநல்லூரில் வசிக்கிறேன், பள்ளி ஆசிரியை. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுப் பரிசோதனையிலும் எனக்குச் செலியாக் நோய் இருப்பது உறுதியானது. அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை, சேமியா எதையும் தொடுவதில்லை. வயிற்றுப்போக்கு நின்றது, ரத்தசோகையும் சரியானது. ஆனால் சில மாதங்களாக உப்புசமும் வாயுவும் மீண்டும் தொல்லை தருகின்றன. சில நாள்களில் மலம் இளகிப் போகிறது. பால், முட்டை, வெங்காயம், துவரம்பருப்பு, கத்தரிக்காய், வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, இப்போது சாதம், ரசம், மோர், அப்பளம் என்ற அளவில் வந்து நிற்கிறேன். எடை 3 கிலோ குறைந்துவிட்டது. ஒரே ரத்தப் பரிசோதனையில் 200 உணவுகளுக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்கிறார் உறவினர் ஒருவர். எடுக்கலாமா? என் 9 வயது மகளும் அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறாள். அவளுக்கும் கோதுமையை நிறுத்திவிடலாமா?

பதில்: அந்த ரத்தப் பரிசோதனையை எடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தவை குறைந்துபோன 3 கிலோ எடையும், இப்போது நீங்கள் சாப்பிடுவதாக எழுதியிருக்கும் உணவுகளும்தான். எடை தானாகக் குறைகிறது என்றால் உணவியல் ஆலோசனைக்கு முன்பாகவோ அதனோடு சேர்த்தோ, உங்களுக்குச் சிகிச்சை தரும் குடல்நோய் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். அதற்கிடையில் சமையலறையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

உங்கள் பெருங்காய டப்பாவை எடுத்து, அதன் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கடைகளில் நாம் வாங்கும் தூளும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். பெருங்காயப் பிசினின் காரமும் மணமும் மிகக் கடுமையானவை என்பதால் அதனுடன் கோந்தையும் ஏதாவது ஒரு மாவையும் கலந்தே விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருக்கிறது. ரசத்தில் பெருங்காயம், மோரில் பெருங்காயம், அப்பள மாவில் பெருங்காயம். வயிற்றுக்கு இதமானவை என்று நம்பி நீங்கள் மிச்சம் வைத்திருக்கும் உணவுகளில் சாதம் தவிர மற்ற மூன்றிலும் கோதுமை நுழைய வழியிருக்கிறது. ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம்தான் செலியாக் நோயில் சிறுகுடலைச் சேதப்படுத்துகிறது. செலியாக் நோயாளி ஒருவர் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனைத் தொடர்ந்து உட்கொண்டால் குடலில் மீண்டும் சேதம் உண்டாகலாம் என்பது தெரிந்த விஷயம். 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதிப்பு இருப்பதில்லை. மூன்று வேளையும் தாளிப்பில் விழும் சிட்டிகைகளோடு மற்ற வழிகளில் வருவதும் சேர்ந்தால் இந்த எல்லையைத் தாண்டுவது கடினமில்லை. அரிசி மாவு சேர்த்த கூட்டுப் பெருங்காயமும் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். கிடைக்கும்வரை பெருங்காயம் இல்லாமலே தாளியுங்கள்.

கோதுமை உணவுகளை முற்றிலும் நிறுத்திய பிறகும் தொல்லை தொடர்பவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் காரணம், தெரியாமல் உள்ளே போகும் குளூட்டன்தான். புதிய உணவு எதன்மீதும் பழி போடுவதற்கு முன்பு இதை முழுமையாக அலசிவிட வேண்டும் என்று என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துகிறேன். நம் ஊரில் இது வரும் வழிகளும் நம் ஊருக்கே உரியவை. அரிசியையும் மிளகாய், மல்லியையும் தெருமுனை மாவு மில்லில் கொடுத்து அரைக்கிறோம்; உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், அந்த இயந்திரத்தில் தங்கிய மாவு உங்கள் அரிசி மாவிலும் சாம்பார் பொடியிலும் கலந்துவிடும். மில்காரர் இயந்திரத்தைத் தட்டிவிட்டு அரைத்தாலும் இது நீங்குவதில்லை. பொடிகளை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்வது நல்லது. ஊட்டம் தரும் என்று காலையில் கஞ்சி வைக்கும் சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் சேர்ப்பது வழக்கம்; சம்பா கோதுமையும் கோதுமைதான். மால்ட் கலந்த பானப்பொடிகள் பார்லியிலிருந்து வருபவை. ஓட்ஸில் கோதுமைக் கலப்பு சகஜம் என்பதால் குளூட்டன் இல்லை என்று சான்றிட்ட பொட்டலத்தைத் தவிர மற்றதைத் தவிர்த்துவிடுங்கள். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. ஆனால் கோதுமையும் சிறுதானியமும் ஒரே இடத்தில் அள்ளி விற்கும் கடையில் வாங்காமல், முழு தானியமாக வாங்கி, புடைத்துக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

வெளியில் சாப்பிடும்போது இட்லி மட்டும்தானே சாப்பிடுகிறேன் என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். இட்லிக்கு ஊற்றும் சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறது; ரவா தோசை வார்த்த அதே கல்லில்தான் அடுத்த தோசையும் வார்க்கிறார்கள்; பூரி பொரித்த எண்ணெயில்தான் மெதுவடையும் பொரிகிறது. அடுத்த இரண்டு மாதங்களுக்கு ஹோட்டல் சாப்பாட்டையும் கல்யாணப் பந்தியையும் தவிர்த்துவிடுங்கள். சோதனைக் காலத்துக்கு மட்டும்தான் இந்தக் கட்டுப்பாடு.

மருத்துவரிடம் போகும்போது, செலியாக் நோயில் ரத்தத்தில் உயரும் நோயெதிர்ப்புப் புரதத்தை அளக்கும் டிடிஜி ஐஜிஏ பரிசோதனையை மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் கண்டறிந்தபோது இருந்த அளவையும் இப்போதைய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் அது உயர்ந்தே இருந்தால் குளூட்டன் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அது இயல்பு நிலைக்கு வந்துவிட்டது என்பதாலேயே குடல் முழுவதுமாக ஆறிவிட்டது என்றோ, சிறிதளவு குளூட்டன்கூட உள்ளே போகவில்லை என்றோ முடிவு கட்ட முடியாது. அந்த அளவுக்கு நுட்பமான பரிசோதனை அல்ல அது. பெரியவர்களுக்குக் குடல் ஆற இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகக்கூடும்.

அடுத்து, வேறு உணவுகள் ஒத்துக்கொள்ளாமல் போவதைப் பற்றிப் பார்க்கலாம். நீங்கள் சந்தேகிப்பவற்றில் பால்மீது வரும் சந்தேகத்துக்கு உண்மையான அடிப்படை இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் துவாலையின் நூல் கண்ணிகளைப் போல நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி சுரக்கிறது. செலியாக் நோயில் முதலில் தேய்ந்து மழுங்குவது அந்த நுனிதான். எனவே செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து, வாயுவாகவும் உப்புசமாகவும் இளகிய மலமாகவும் வெளிப்படுகிறது. குடல் ஆற ஆற இந்த நொதியும் திரும்பி வரும். இதற்குச் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை ஆகலாம். இதைத் தவிர, நம் தென்னிந்தியர்களில் பெரும் பகுதியினருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு லாக்டேஸ் சுரப்பு இயல்பாகவே குறைந்துவிடுகிறது. உங்களுக்கு இவ்விரண்டில் ஒன்றும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஆனாலும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பால் வாசனையே ஆகாது என்று பொருளில்லை. 200 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. லாக்டோஸ் செரிக்காதவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதுவும் உணவோடு சேர்த்து, பெரிய தொல்லையில்லாமல் தாங்கிக்கொள்கிறார்கள். ஒரு டம்ளர் காப்பியில் 100 மில்லி பால் விட்டாலும் 5 கிராம்தான் ஆகிறது. தயிரில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் மிச்சத்தைச் செரிக்கவும் துணை செய்கின்றன. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பால்கோவாவும் பால்பவுடர் சேர்த்த இனிப்புகளும்தான் லாக்டோஸ் செறிந்தவை.

பாலைச் சோதிக்கும் முறை இதுதான். பெருங்காயத்தையும் மாவையும் சரிசெய்து குறைந்தது 6 வாரங்கள் ஆன பிறகும் உப்புசம் தொடர்ந்தால் மட்டும் இதைத் தொடங்குங்கள். அதற்குள்ளேயே சரியாகிவிட்டால் பாலை மெல்லத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், சோதனை தேவையில்லை. தொடங்குவதானால், 2 வாரங்களுக்குப் பாலையும் தயிர், மோரையும் பால் இனிப்புகளையும் முழுமையாக நிறுத்துங்கள். மற்ற உணவுகளில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். பிறகு ஒரு நாள் காலை உணவோடு 100 மில்லி பால் குடித்துவிட்டு அன்றும் மறுநாளும் கவனியுங்கள். தொல்லை இல்லையென்றால் ஒரு நாள் இடைவெளி விட்டு 200 மில்லி குடியுங்கள். லாக்டோஸ் காரணமாக வரும் தொல்லை பெரும்பாலும் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தொல்லை வந்தால், சில நாள் கழித்து அதே அளவு லாக்டோஸ் நீக்கிய பாலைக் குடித்துப் பாருங்கள். சென்னையின் பெரிய கடைகளில் அது டெட்ரா பொட்டலத்தில் கிடைக்கிறது. அந்தப் பாலிலும் அதே தொல்லை வந்தால் லாக்டோஸைக் குற்றம் சொல்ல முடியாது. பலர் விட்டுவிடும் படி இதுதான். பாலை நிறுத்தியதும் நன்றாக இருந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆண்டுக்கணக்கில் பாலில்லாமல் இருந்து, எலும்புத் தேய்மானத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். செலியாக் நோயாளிகளுக்கு எலும்பு வலுவிழக்கும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம் என்பதால் எனக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு.

மருத்துவமனையில் மூச்சுப் பரிசோதனை மூலமும் இதைத் தெரிந்துகொள்ளலாம். இரவு பட்டினி இருந்து, காலையில் 25 அல்லது 50 கிராம் லாக்டோஸ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, ஏறத்தாழ 3 மணி நேரம் இடைவெளி விட்டு விட்டு மூச்சிலுள்ள ஹைட்ரஜனை அளப்பார்கள். தொடக்க அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) உயர்ந்தால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். முந்தைய 4 வாரங்களில் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், முடிவு தவறிப்போகும்.

காப்பி குடித்தால் மட்டும் தொல்லை வருகிறது, பால் குடித்தால் வரவில்லை என்றால், காப்பிப் பொடியில் கலந்த சிக்கரியையும் நினைத்துப் பாருங்கள். சிக்கரி வேரில் இன்யூலின் என்ற நார்ச்சத்து நிறைய உண்டு. அது சிலருக்கு வாயுவை உண்டாக்கும். சிக்கரி கலக்காத பொடிக்கு ஒரு வாரம் மாறிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெங்காயமும் பருப்பும் வேறு வகை. வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும், துவரை, கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றில் கேலக்டோ ஆலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைத் தொடரும் இருக்கின்றன. இவற்றைச் செரிக்கும் நொதி எந்த மனிதருக்கும் கிடையாது. எல்லோருடைய பெருங்குடலிலும் இவை புளிக்கத்தான் செய்கின்றன. உணர்வு கூடிய குடல் உள்ளவருக்கு மட்டும் அது வலியாகவும் உப்புசமாகவும் தெரிகிறது. இவற்றையும் லாக்டோஸையும் சில பழச் சர்க்கரைகளையும் சேர்த்து ஃபாட்மேப் என்று அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை இந்தச் சிக்கலுக்குப் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் அதன்படி நிறுத்தும் கட்டம் 2 முதல் 6 வாரங்கள் மட்டுமே. அதன் பிறகு ஒவ்வொரு வகையையும் திரும்பச் சேர்த்து, தாங்கும் அளவைக் கண்டறிவதுதான் அதன் முக்கியப் பகுதி. எடை குறைந்துகொண்டிருக்கும் உங்கள் நிலையில் இதைத் தனியாகத் தொடங்க வேண்டாம். உணவியல் நிபுணர் ஒருவரின் கண்காணிப்பில் செய்யுங்கள். வெங்காயம், பூண்டுக்கு மாற்றாகப் பெருங்காயம் சேர்க்கச் சொல்லும் அறிவுரை இந்த உணவுமுறையில் அடிக்கடி வரும். செலியாக் நோயாளிக்கு அது எத்தகைய பொறி என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

அதுவரை சாம்பாருக்குத் துவரைக்குப் பதில் பாசிப்பருப்பை ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, குறைந்த அளவில் வேகவைத்துப் பாருங்கள். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே வெங்காயத்தைக் குழம்பில் போட்டுவிட்டுத் துண்டுகளை மட்டும் ஒதுக்குவதால் பயனில்லை. எண்ணெயில் வதக்கித் துண்டுகளை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் கிடைக்கும்.

முட்டை, கத்தரிக்காய், வேர்க்கடலை மூன்றையும் நீங்கள் நிறுத்தியதற்குக் கடிதத்தில் எந்த அடிப்படையும் தெரியவில்லை. அவற்றைச் சாப்பிட்டதும் தோலில் தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சிரைப்போ வந்ததுண்டா? வந்திருந்தால் அது உண்மையான ஒவ்வாமை. வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது, ஒவ்வாமை மருத்துவரிடம் போக வேண்டும். அப்படி ஏதும் இல்லையென்றால் முட்டையை நாளையே திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் கழித்து வேர்க்கடலை, பிறகு கத்தரிக்காய். உங்கள் உடலுக்கு இப்போது புரதம் அவசரமாகத் தேவைப்படுகிறது.

உறவினர் சொன்ன 200 உணவுப் பரிசோதனைக்கு வருகிறேன். அது ரத்தத்தில் ஒவ்வொரு உணவுக்கும் எதிரான ஐஜிஜி என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை அளக்கிறது. ஒரு உணவை நாம் அடிக்கடி சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளமாகவே அந்தப் புரதம் ரத்தத்தில் இருக்கும். அது நோயின் அறிகுறி அன்று. ஐரோப்பிய ஒவ்வாமை மற்றும் மருத்துவ நோயெதிர்ப்பியல் கழகம் 2008-லேயே இதை உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டறியப் பயன்படுத்தக்கூடாது என்று அறிவித்துவிட்டது. தினமும் சாப்பிடும் அரிசியும் புளியும் தயிருமே சிவப்புக் கோடிட்டு வரும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே நான்கு பொருள்களில் நிற்கும் நீங்கள் எதைச் சாப்பிடுவீர்கள்? அந்தப் பணத்தில் வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். செலியாக் நோயாளிகளுக்குத் தைராய்டு கோளாறு வரும் வாய்ப்பும் கூடுதல்; அதுவும் மலப்போக்கை மாற்றும்.

குளூட்டனும் இல்லை, பாலும் இல்லை, வெங்காயமும் இல்லை என்று தெளிந்த பிறகும் தொல்லை நீடித்தால் மருத்துவர் வேறு காரணங்களைத் தேடுவார். சிறுகுடலில் நுண்ணுயிர்கள் மிகுதியாகப் பெருகுவது, கணையச் சுரப்பு குறைவது, பெருங்குடலின் நுண்ணழற்சி, நம் நாட்டில் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணித் தொற்று என இவை பல. ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தொடரும் எடைக்குறைவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மேலே சொன்ன வாரக் கணக்குகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஒன்றே வயிற்றைக் கலக்கப் போதுமானது.

இவ்வளவுக்கும் ஒரு நோட்டு எழுதி வர வேண்டும். சாப்பிட்ட நேரம், சாப்பிட்ட பொருள், அதில் சேர்த்த பொடி, தொல்லை தொடங்கிய நேரம், மலம் எப்படி இருந்தது, மாதவிலக்கு நாளா, தேர்வுத்தாள் திருத்தித் தூக்கம் கெட்ட நாளா என்பனவற்றை அன்றன்றே குறியுங்கள். வெங்காயத்தின் விளைவு மறுநாள்கூடத் தெரியலாம். நினைவை மட்டும் நம்பினால் கடைசியாகச் சாப்பிட்ட பொருள்மீதே பழி விழும்.

மகளைப் பற்றி: செலியாக் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர்கள். அவளுக்கோ வயிற்றுவலியும் இருக்கிறது. ஆகவே குழந்தை மருத்துவரிடம் சொல்லி டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ இரண்டையும் எடுங்கள். ஆனால் அதற்கு முன்பு கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் அடையாளம் மறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடும். பிறகு உறுதிசெய்வதற்காகவே பல வாரங்கள் கோதுமை கொடுக்க வேண்டியிருக்கும். முடிவு தெரியும்வரை அவள் வழக்கம்போலச் சப்பாத்தி சாப்பிடட்டும். அதற்கான மாவை மட்டும் உங்கள் சமையல் முடிந்த பிறகு, வேறு தட்டில் பிசைந்து, தனிக் கல்லில் சுடச் சொல்லுங்கள்.